நல்லது கெட்டதுக்கு யார் வருவார்கள்?

(ஆசிரியர் ஒருவர் தம் துணைவியார் நினைவாக நிறுவிய அறக்கட்டளையின் சார்பில் நிகழ்த்திய சொற்பொழிவின் செப்பமிட்ட வடிவம். மேடையில் சொன்ன கிளைச்செய்திகள் சில இங்கே விடப்பட்டுள்ளன.)



தலைப்பை நானே முடிவு செய்துகொள்ளலாம் என்று அறக்கட்டளையினர் சொல்லியிருந்தார்கள். எட்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவி என்னிடம் கேட்ட கேள்வியை எடுத்துக்கொண்டேன். அன்று அவளுக்கு நான் சரியான விடை சொல்லவில்லை. அந்தக் கடன் இன்னும் என்னிடம் இருக்கிறது.

முதுகலை இரண்டாமாண்டு படித்துக்கொண்டிருந்தாள். வளர்த்த பாட்டி இறந்து, ஊருக்குப் போய்த் திரும்பியிருந்தாள். என் அறைக்கு வந்து நின்றுகொண்டே பேசினாள். "எனக்குச் சாமி நம்பிக்கை இல்லைன்னு உங்களுக்கே தெரியும் மேடம். செத்த அன்னிக்குக் கூட்டத்தோட கூட்டமா நின்னுட்டேன். வர்ற வெள்ளிக்கிழமை பதினாறாம் நாள். எள்ளும் தண்ணியும் இறைப்பாங்க. அது எனக்கு ஒட்டல. ஆனா அன்னிக்குச் சும்மா ஹாஸ்டல்ல படுத்துக்கிடக்கவும் முடியாது. நான் எங்க போய் நிக்கிறது?"

நான் அவளுக்கு இரண்டு புத்தகங்கள் எடுத்துக் கொடுத்தேன். இரண்டும் கடவுள் மறுப்பை வாதிட்டு நிறுவும் நல்ல நூல்கள். வாங்கிக்கொண்டாள். கதவருகே ஒரு நொடி நின்றாள். பிறகு போய்விட்டாள். கடவுள் உண்டா இல்லையா என்று அவள் கேட்கவே இல்லை. அதை அவள் பள்ளிக்கூடத்திலேயே முடித்துவிட்டிருந்தாள்.

இன்று நான் சொல்ல வந்தது ஒன்றுதான். கடவுளை மறுப்பது ஒரு முடிவு. ஒரு மாலை நேரத்தில், தனியாக உட்கார்ந்துகூட அந்த முடிவுக்கு வந்துவிடலாம். அந்த முடிவோடு அறுபது எழுபது ஆண்டுகள் வாழ்வதற்குச் சுற்றம் வேண்டும். ஒத்த கருத்துள்ளவர்கள் கூடிப் பேசுவதால் மட்டும் சுற்றம் உண்டாவதில்லை. ஒருவர் வீட்டு நல்லது கெட்டதுக்கு இன்னொருவர் பொறுப்பேற்கும்போது உண்டாகிறது. வாழ்க்கைக்குப் பொருள் என்று நாம் தேடுவதும் அந்தப் பொறுப்புக்குப் பின்னால்தான் வந்து சேர்கிறது. இதைத் தமிழ்நாட்டுச் சுயமரியாதை இயக்கத்தின் அனுபவத்தைக் கொண்டும், நம் பக்கத்து ஆந்திரத்தில் ஒரு குடும்பம் செய்ததைக் கொண்டும் சொல்லப் பார்க்கிறேன்.

1. சாமி போனால் கூடப் போவது எது?

கடவுளை நம்பாதவருக்குப் பற்றுக்கோடு ஏது என்று கேட்பவர்கள் வானத்தைப் பார்த்துக் கேட்கிறார்கள். நான் தெருவைப் பார்த்துக் கேட்கிறேன்.

நான் பிறந்தது திருவாரூர் பக்கம். எங்கள் ஊரில் ஒரு சாவு விழுந்தால் என்னென்ன நடக்கும்? சேதி சொல்ல ஆள் போகும். பந்தல் எழும்பும். பிறந்த வீட்டுக் கோடி வரும். நீர்மாலை எடுக்கப் போவார்கள். வாய்க்கரிசி, கொள்ளி, மறுநாள் பால்தெளிப்பு. சாவு வீட்டில் அடுப்பு எரியாது, பங்காளி வீட்டிலிருந்து சோறு வரும். அப்புறம் கருமாதி, உருமால் கட்டு. ஒவ்வொன்றையும் செய்வதற்கு இன்னார் என்று முறை இருக்கிறது. அழுகிறவர் அடுத்து என்ன செய்வது என்று யோசிக்க வேண்டியதே இல்லை. பதினாறு நாளைக்கு அவரைக் கைப்பிடித்து நடத்திக் கூட்டிப்போய் மறுகரையில் விட்டுவிடுகிறார்கள். இதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். மிகப் பழைய, மிக நுட்பமான ஏற்பாடு அது.

ஆனால் அதே ஏற்பாட்டில்தான் பறையடிக்க ஒரு சாதி, குழி வெட்ட ஒரு சாதி, துணி வெளுக்க ஒரு சாதி என்று எழுதி வைத்திருக்கிறது. யார் யாரோடு உட்கார்ந்து சாப்பிடலாம், எந்தச் சுடுகாட்டுக்கு எந்தப் பாதையில் போகலாம் என்பதும் அதிலேயே இருக்கிறது. நம்மைத் தாங்குகிற வலையும் நம்மை நெரிக்கிற கயிறும் ஒரே நாரில் திரித்தவை. ஆகவே நம் மண்ணில் ஒருவர் சாமி இல்லை என்று சொல்லி நின்றால் பெரிய ஆபத்தில்லை. சடங்கைச் செய்ய மாட்டேன் என்று நின்றால்தான் பங்காளி வீட்டுச் சோறு நிற்கிறது. ஐரோப்பிய நாத்திகர்களுக்கும் நமக்கும் உள்ள பெரிய வேறுபாடாக நான் இதைப் பார்க்கிறேன். அங்கே தேவாலயத்தை விட்டு வெளியேறலாம். இங்கே ஊரைவிட்டு அல்லவா வெளியேற வேண்டியிருக்கிறது!

சென்னையில் 1882 முதல் 1888 வரை 'தத்துவ விவேசினி' என்ற இதழை நடத்திய பகுத்தறிவாளர்கள் இருந்தார்கள். கூர்மையான அறிவும் துணிச்சலும் உள்ள கூட்டம். அவர்களுடைய வாதங்களைப் படித்தால் இன்றும் மலைப்பாக இருக்கும். அந்த இதழ் நின்ற பிறகு ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் கழித்துச் சுயமரியாதை இயக்கம் என்ற வேறொரு கூட்டம் வந்தது. அதன் தனித்தன்மை, அது கல்யாண வீட்டுக்குள் நுழைந்ததுதான்.

2. கல்யாணம்

1925 மே மாதம் ஈரோட்டில் பெரியாரின் 'குடிஅரசு' இதழ் தொடங்கியது. மூன்றே ஆண்டில், 1928இல், அருப்புக்கோட்டைக்குப் பக்கத்தில் சுக்கிலநத்தம் என்ற சிற்றூரில் புரோகிதர் இல்லாத கல்யாணம் நடந்தது. இயக்க வரலாற்றில் முதல் சுயமரியாதைத் திருமணம் என்று அதைத்தான் சொல்கிறார்கள். அடுத்த ஆண்டு பிப்ரவரியில் செங்கற்பட்டில் முதல் மாகாண மாநாடு கூடியது. பெண்ணுக்குச் சொத்துரிமை, துணையைத் தேர்ந்தெடுக்கும் உரிமை, மணவிலக்கு உரிமை, பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டத்தை விடுவது என்று தீர்மானங்கள் வந்தன. இந்த வரிசை எனக்கு முக்கியமாகப் படுகிறது. கல்யாணம் முதலில் நடந்தது, கொள்கைத் தீர்மானங்கள் அதற்குப் பின்னால் வந்தன.

அந்தக் கல்யாணங்களில் என்ன நடந்தது என்று இளைஞர்களுக்குச் சொல்ல வேண்டும். ஓமகுண்டம் இருந்த இடத்தில் மேசை நாற்காலி. மந்திரம் இருந்த இடத்தில் பேச்சு, அதுவும் இரண்டு மணி மூன்று மணி நேரப் பேச்சு. பெண்ணும் மாப்பிள்ளையும் தங்களுக்குப் புரிகிற தமிழில் உறுதி சொல்லி மாலை மாற்றிக்கொண்டார்கள். கைம்பெண் மணம், சாதி கடந்த மணம், தாலி இல்லாத மணம் எல்லாம் ஊரார் கண்முன்னால் நடந்தன. நல்ல நேரத்தைத் தள்ளிவிட்டு இராகுகாலத்திலேயே நடந்தவையும் உண்டு. வந்தவர்கள் சாப்பிட்டுவிட்டுப் போகும் விருந்தாளிகளாக மட்டும் இல்லை. அவர்கள்தான் சாட்சி. புரோகிதருக்குப் பதிலாக இன்னொரு புரோகிதரை உட்கார வைக்காமல், கூடியிருந்தவர்கள் கையில் அந்தச் செயலை ஒப்படைத்தார்கள். இந்த இயக்கத்தின் மிகப் பெரிய கண்டுபிடிப்பு இது என்பது என் கருத்து.

அதற்கு விலை கொடுத்தவர்கள் உண்டு. 1953இல் சென்னை உயர்நீதிமன்றம், இப்படி நடந்த ஒரு கல்யாணம் சட்டப்படி செல்லாது என்று தீர்ப்புச் சொன்னது. இருபது ஆண்டு, இருபத்தைந்து ஆண்டு குடும்பம் நடத்திய பெண்கள், நீங்கள் மனைவி இல்லை, உங்கள் பிள்ளைகளுக்கு வாரிசுரிமை கேள்விக்குரியது என்று கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. அதற்குப் பிறகும் மக்கள் அப்படிக் கல்யாணம் செய்துகொண்டுதான் இருந்தார்கள். சட்டம் தராத உறுதியை யார் தந்தார்கள் என்று நினைத்துப் பாருங்கள். அன்று நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர்கள் தந்தார்கள்.

1967இல் அண்ணா முதல்வராக இருந்தபோது இந்துத் திருமணச் சட்டத்தில் 7ஏ பிரிவு சேர்க்கப்பட்டது. அதற்கு முன் நடந்த கல்யாணங்களும் செல்லுபடியாயின. அந்தப் பிரிவைச் சட்டக்காரர்கள் படிப்பது போல அல்லாமல் நம்மைப் போன்றவர்களும் ஒருமுறை படிக்க வேண்டும். உறவினர், நண்பர் அல்லது பிறர் முன்னிலையில் என்று வருகிறது. உறவினர் வரவில்லையென்றால் நண்பர். நண்பரும் இல்லையென்றால் பிறர். யாரோ ஒருவர் வந்து நின்றால் போதும். 'பிறர்' என்ற அந்தச் சொல்லுக்குள் நாற்பதாண்டுக் கதை இருக்கிறது. பெற்றவர்கள் கைவிட்ட கல்யாணத்துக்கு, பஸ் பிடித்து வந்து நின்ற முகம் தெரியாத தோழர்களைத்தான் அந்தச் சொல் குறிக்கிறது என்று எனக்குத் தோன்றும்.

2014இல் உயர்நீதிமன்றம், வழக்கறிஞர் அறையில் மறைவாக நடப்பது இந்தப் பிரிவில் சேராது, ஊரறிய நடக்க வேண்டும் என்றது. 2023 ஆகஸ்டில் உச்சநீதிமன்றம் அதை மாற்றியது. வீட்டாருக்கு அஞ்சி வருகிற இருவரை ஊரறிய அறிவி என்று கட்டாயப்படுத்துவது அவர்கள் உயிருக்கே ஆபத்தாகலாம் என்று கருதியது. சரியான தீர்ப்பு. ஆனால் படித்த அன்று எனக்கு மனம் கனத்தது. ஊரைத் திரட்டிக் கல்யாணம் செய்ய வந்த ஒரு முறை, தொண்ணூற்றைந்து ஆண்டு கழித்து, ஊருக்குத் தெரியாமல் செய்துகொள்ளும் பாதுகாப்பாக நிற்க வேண்டியிருக்கிறதே.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இந்தப் பிரிவு 'இரண்டு இந்துக்களுக்கிடையே' நடக்கும் திருமணத்துக்கானது. எந்தச் சாமியையும் கும்பிடாதவரும் அந்தத் தாளில் இந்து என்றே கையெழுத்திட வேண்டும்.

3. சோறு

ஈரோட்டில் பெரியார் வீட்டுக்கு வந்தவர்கள் எழுதிய நினைவுகளில் திரும்பத் திரும்ப வருவது அந்த வீட்டுச் சாப்பாடு. அவர் மனைவி நாகம்மையார் ஆக்கிப் போட்ட சாப்பாடு. கள்ளுக்கடை மறியலில் நின்றவர் அவர், வைக்கம் போராட்டத்துக்குப் போனவர், கணவர் 1931-32இல் ஐரோப்பாவில் இருந்தபோது 'குடிஅரசு' இதழைப் பார்த்துக்கொண்டவர். அதோடு, எந்த நேரத்தில் எத்தனை பேர் வந்தாலும் இலை போட்டவர். வீட்டைவிட்டு வந்த இளைஞர்களுக்கும், கலப்பு மணம் செய்துகொண்டு போக்கிடம் இல்லாமல் வந்த இணையர்களுக்கும் அந்த வீடுதான் ஊர்.

1933 மே மாதம் நாகம்மையார் மறைந்தார். அடுத்த இதழில் பெரியார் எழுதிய கட்டுரையைப் படித்தவர்களுக்கு நான் சொல்ல வருவது விளங்கும். பெண் விடுதலை பற்றி ஊருக்கெல்லாம் பேசியதில் நூற்றில் ஒரு பங்காவது தன் மனைவியிடம் நடந்துகொண்டதாகச் சொல்லிக்கொள்ளத் தனக்குத் தகுதி இல்லை என்று அவர் அதில் ஒப்புக்கொள்கிறார். ஒரு தலைவர் பொதுவெளியில் வைத்த மிக நேர்மையான வாக்குமூலங்களில் ஒன்று அது. எனக்கு அது ஓர் எச்சரிக்கையாகவும் இருக்கிறது. கடவுள் இல்லாத சுற்றம் ஒன்று உருவாகிறது என்றால், அதற்கு யாரோ உலை வைக்கிறார்கள் என்று பொருள். அந்த யாரோ பெரும்பாலும் பெண்ணாகவே இருக்கிறார். மேடையில் பேசியவர்களின் பெயர்கள் நமக்குத் தெரிகின்றன. உலை வைத்தவர்களின் பெயர்களைத் தேடித்தான் எடுக்க வேண்டியிருக்கிறது.

நாகம்மையார் பெயரில், பின்னாளில் பெரியாரின் துணைவியான மணியம்மையார் திருச்சியில் நடத்திய குழந்தைகள் இல்லத்தைப் பற்றி ஒரு செய்தி. பெற்றவர் யார் என்று தெரியாமல் விடப்பட்ட குழந்தைகள் அங்கே வளர்ந்தார்கள். பள்ளியில் சேர்க்கும்போது தலைப்பெழுத்து வேண்டுமே! 'ஈ.வெ.ரா.ம.' என்று போட்டார்கள். ஈ.வெ.ரா. மணியம்மை. பிறப்பைக் கேட்டுத்தான் மனிதரை மதிக்கும் நாட்டில், பிறப்புத் தெரியாத பிள்ளைக்கு ஓர் இயக்கம் தன் முதலெழுத்தைக் கொடுத்திருக்கிறது. நாத்திகம் எதைத் தரும் என்று யாராவது என்னைக் கேட்டால் நான் முதலில் சொல்வது அந்த நான்கு எழுத்தைத்தான்.

4. சாவு

இங்கேதான் நான் தயங்கித் தயங்கிப் பேச வேண்டியிருக்கிறது.

இயக்கம் சாவைக் கையாண்டதில் பெருமைக்குரிய நேரங்கள் உண்டு. சாதியைக் காக்கும் அரசியல் சட்டப் பகுதிகளை எரிக்கும் போராட்டம் 1957 நவம்பர் 26இல் நடந்தது. ஏறக்குறைய மூவாயிரம் பேர் சிறை போனார்கள். அடுத்த ஆண்டு திருச்சிச் சிறையில் பட்டுக்கோட்டை இராமசாமியும் மணல்மேடு வெள்ளைச்சாமியும் இறந்தார்கள். உடல்களைச் சிறைக்குள்ளேயே புதைத்துவிட்டார்கள். மணியம்மையார் சென்னைக்குப் போய் அரசிடம் வாதாடி, புதைத்த உடல்களைத் தோண்டி எடுக்க வைத்து, திருச்சித் தெருக்கள் வழியே ஊர்வலமாகக் கொண்டுபோய் அடக்கம் செய்தார். ஆவியும் மறுமையும் இல்லை என்று சொல்லும் கூட்டம் அது. செத்த உடல் வெறும் உடல்தான் என்பது அவர்கள் கொள்கை. ஆனாலும் எங்கள் ஆளை எங்களிடம் கொடு என்று கேட்டார்கள். அதில் முரண்பாடு இருப்பதாக நான் நினைக்கவில்லை. மறுமை இல்லாதவருக்கு இந்த ஊர்வலம் ஒன்றுதான் இருக்கிறது.

இப்போது என் வீட்டுக்கு வருகிறேன்.

என் அப்பா தையற்காரர். கடைத்தெருவில் சிறிய கடை. எங்கள் வட்டாரத்தில் மாநாடு என்றால் கருப்புச் சட்டைகள் அவரிடம்தான் தைக்க வரும். தோழர்களிடம் கூலியில் பாதிதான் வாங்குவார். அம்மா மாரியம்மனுக்குப் பால்குடம் எடுப்பார். இருவருக்கும் அதில் ஒருநாளும் சண்டை வந்ததில்லை. 1994 ஐப்பசியில், மழைக்காலத்தில், அப்பா போய்விட்டார். சடங்கு எதுவும் கூடாது என்று எழுதியே வைத்திருந்தார். பங்காளிகள் வந்து தெருவில் நின்றார்கள். கொள்ளிக்குடம் உடைப்பதென்றால் உள்ளே வருகிறோம் என்றார்கள். அண்ணன், அப்பா எழுதியதைக் காட்டினார். அவர்கள் திரும்பிப் போய்விட்டார்கள். பிற்பகல் வரை அப்பாவின் உடலோடு நாங்கள் ஐந்து பேர் இருந்தோம். மூன்று மணிக்கு மன்னார்குடி பஸ்ஸிலிருந்து பதினோரு பேர் இறங்கினார்கள். நனைந்த கருப்புச் சட்டைகளோடு வந்தார்கள். அவற்றில் பாதியாவது அப்பா தைத்தவையாக இருக்கும். மூங்கில் வெட்டினார்கள். பாடை கட்டினார்கள். நானும் தோள் கொடுத்தேன். எங்கள் ஊரில் பெண் தோள் கொடுத்த முதல் சாவு அது. இடுகாட்டில் ஒருவர் நான்கு வார்த்தை பேசினார். தாடி வைத்த வயதான தோழர் ஒருவர் மண்ணை அள்ளிப் போட்டுவிட்டு, அளவுநாடா ஒன்றைப் பையிலிருந்து எடுத்துக் குழிக்குள் வைத்தார். அப்பாவிடமிருந்து எப்போதோ இரவல் வாங்கியதாம்.

அன்றைக்கு அவர்களைவிட உயர்ந்த மனிதர்களை நான் பார்த்ததில்லை. ஆனால் கதை அங்கே முடியவில்லை. மறுநாள் காலை அவர்கள் அவரவர் ஊருக்குப் போய்விட்டார்கள். படத்திறப்பு ஒரு மாதம் கழித்து நடந்தது. பெரிய கூட்டம், நல்ல பேச்சு. நடுவில் முப்பது நாள். பங்காளிகள் வரவில்லை, சடங்கு இல்லை, ஆகையால் வருவதற்கு யாருக்கும் முகாந்தரம் இல்லை. அம்மா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். ஒருநாள் என்னிடம் சொன்னார்: "அழுவறதுக்கு ஒரு நாள் வச்சிருந்தாங்க. அதையும் வேணாம்னுட்டீங்க. நான் எந்த நாள்ல அழுவறது?"

அந்த முப்பது நாளில் விடாமல் வந்துகொண்டிருந்தவர் ஒருவர் உண்டு. தாடிக்காரத் தோழரின் மனைவி. எட்டு மைல் பஸ்ஸில், தூக்குவாளியில் கஞ்சியோ ரசமோ எடுத்துக்கொண்டு, ஒருநாள் விட்டு ஒருநாள் வருவார். கொள்கை பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டார். அம்மாவுக்குத் தலை வாரிவிடுவார். அவர் எந்த மேடையிலும் ஏறியதில்லை. அம்மா திரும்பவும் எழுந்து நடமாடியது அவரால்தான்.

துக்கம் மூடநம்பிக்கை இல்லை என்பதை நாம் உரக்கச் சொல்ல வேண்டும். இயற்கையின் விதி, வருந்தி என்ன பயன் என்று சொல்வதில் உண்மை இருக்கிறது, ஆனால் அது ஐந்தாம் நாள் இரவுக்கு உதவாது. கண்தானமும் உடல்தானமும் நம் தோழர்கள் பரப்பிய நல்ல வழக்கங்கள். ஆம்புலன்ஸ் உடலை எடுத்துக்கொண்டு போன பிறகு அந்த வீட்டுத் திண்ணையில் யார் உட்காருவது என்பதையும் சேர்த்தே திட்டமிட வேண்டும். மூன்றாம் நாளும் பதினாறாம் நாளும் புரோகிதருக்குச் சொந்தமான நாள்கள் இல்லை. வெறும் எண்கள். அவற்றை நாம் எடுத்துக்கொள்ளலாம். பொங்கலை எடுத்துக்கொண்டோம் அல்லவா? அறுவடையும் உழைப்பும் நமக்குப் போதும் என்று சொல்லி அதை நம் திருநாளாக்கிக்கொண்டது இதே இயக்கம்தானே.

5. வேலை

முதலில் சொன்ன ஆந்திரக் குடும்பத்துக்கு வருகிறேன். விஜயவாடாவில் பட்டமட்டா என்ற பகுதியில் நாத்திக மையம் ஒன்று இருக்கிறது. கோரா என்று அழைக்கப்பட்ட கோபராஜு ராமச்சந்திர ராவும் அவர் மனைவி சரஸ்வதியும் 1940இல் முதுநூரு என்ற கிராமத்தில் தொடங்கி, 1947இல் விஜயவாடாவுக்குக் கொண்டுவந்தது. கோரா தாவரவியல் படித்தவர். நம் சென்னை மாநிலக் கல்லூரி மாணவர். மதுரை அமெரிக்கன் கல்லூரியில் வேலை பார்த்தவர். பிறகு கோவையிலும் கொழும்பு ஆனந்தா கல்லூரியிலும் இருந்தார். நாத்திகர் என்பதற்காகவே 1933இல் காக்கிநாடாவில் கல்லூரி வேலை போயிற்று.

அவர் மறுப்பை வாதமாக வைத்திருக்கவில்லை, அன்றாட வேலையாக மாற்றினார். எல்லாச் சாதியாரும் சேர்ந்து உண்ணும் விருந்துகளைப் பௌர்ணமிதோறும் நடத்தினார்கள். அதற்குக் காரணம் நிலவில் விளக்குச் செலவு மிச்சம் என்பதாகத்தான் இருக்க வேண்டும் என்று நான் நினைத்துக்கொள்வேன். பிள்ளைகளின் பெயர்களைப் பாருங்கள். உப்புச் சத்தியாக்கிரக ஆண்டான 1930இல் பிறந்த மகனுக்கு லவணம் என்று பெயர். ஒன்பதாவதாகப் பிறந்தவருக்கு ஒன்பது என்றே பொருள்படும் பெயர். ஒரு சாமியையும் முன்னோரையும் கூப்பிடாமல், பிறந்த காலத்தையும் வரிசையையுமே பெயராக்கினார்கள்.

காந்தியோடு அவருக்கிருந்த உறவு இன்னும் வியப்பானது. மூத்த மகளைத் தாழ்த்தப்பட்ட வகுப்பு இளைஞருக்கு மணம் செய்துவைக்க விரும்பினார் கோரா. சேவாகிராமத்தில் தாமே நடத்திவைப்பதாகக் காந்தி ஏற்றுக்கொண்டார். உறுதிமொழியில் கடவுள் என்று வரும் இடத்தில் சத்தியம் என்று வைத்துக்கொள்ளவும் இசைந்தார். நாள் வருவதற்குள் காந்தியைச் சுட்டுக்கொன்றுவிட்டார்கள். 1948 மார்ச்சில், அவர் இல்லாத சேவாகிராமத்தில், அந்தக் கல்யாணம் நடந்தது. நம்புகிறவர் ஒருவர் நம்பாதவர் வீட்டு நல்லதுக்கு வர ஒப்புக்கொண்டு தன் சொல்லை மாற்றிக்கொண்டார். நம்பாதவர் தன் மகள் கல்யாணத்துக்கு அவரையே நாடினார். நம்பாதவர்கள் நம்பாதவர்களோடு மட்டுமே சுற்றம் கட்ட வேண்டும் என்பதில்லை. என் அம்மாவின் பால்குடமும் அப்பாவின் கருப்புச் சட்டையும் ஒரே கொடியில்தான் காய்ந்தன.

6. சில தோல்விகள்

பிரெஞ்சுச் சிந்தனையாளர் ஆகஸ்ட் கோம்ட் 19ஆம் நூற்றாண்டில் மானுட மதம் ஒன்றை வகுத்தார். கடவுளுக்குப் பதில் மனிதகுலம். ஆண்டுக்குப் பதின்மூன்று மாதம், மாதத்துக்கு இருபத்தெட்டு நாள் என்று நாட்காட்டிகூட உண்டு. ரியோ டி ஜெனீரோவில் அதற்கொரு கோயிலும் எழுந்தது. மதத்தின் அங்கியை அப்படியே எடுத்துத் தைத்துப் போட்டுக்கொண்டதால் அது வேரூன்றவில்லை என்று நினைக்கிறேன். நார்வேயில் வேறு வழி கண்டார்கள். பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்குத் தேவாலயத்தில் நடக்கும் உறுதிப்பூசுதலுக்கு ஈடாக, 1951 முதல் சமயம் சாராத வகுப்பும் விழாவும் நடத்துகிறார்கள். நாம் பிள்ளைகளுக்கென்று அப்படி ஒன்றையும் நிலைநிறுத்தவில்லை. அப்பா கருப்புச் சட்டை, பிள்ளை சபரிமலைக்கு மாலை என்று எத்தனை வீடுகள்! பிள்ளைகளைக் குறை சொல்லாதீர்கள். மாலை போட்டால் நாற்பத்தொரு நாள் கூட ஆள் இருக்கிறது, சேர்ந்து சாப்பாடு இருக்கிறது, சாமி என்று ஒருவரையொருவர் கூப்பிட்டுக்கொள்ளும் மரியாதை இருக்கிறது. நாம் அவர்களுக்குக் கொடுத்தது துண்டறிக்கை.

இன்னொரு தோல்வி கடுமையானது. புரோகிதர் இல்லாமல், தலைவர் முன்னிலையில், ஆனால் சொந்தச் சாதிக்குள்ளேயே நடக்கும் கல்யாணங்கள் இன்று ஏராளம். சடங்கை விட்டோம், சாதியை வைத்துக்கொண்டோம் என்றால், 1928இல் அந்தச் சிற்றூரில் நின்றவர்களின் முகத்தில் எப்படி விழிப்போம்?

மறுப்புக்குப் பின் எங்கே போய் நிற்பது என்ற கேள்வியை அம்பேத்கர் வேறு விதமாகத் தீர்த்தார். ஒடுக்கப்பட்ட மக்களுக்கு மறுப்பு மட்டும் போதாது, கூடி வாழ ஓர் அறநெறி வேண்டும் என்று 1956 அக்டோபரில் நாக்பூரில் பௌத்தம் ஏற்றார். பெரியாரும் அவரும் 1954இல் பர்மாவில் சந்தித்தபோது இதைப் பேசியிருக்கிறார்கள். பெரியார் மதம் மாற இசையவில்லை. யார் சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. ஆனால் தம் மக்கள் நல்லது கெட்டதுக்கு எங்கே போய் நிற்பார்கள் என்ற கவலை அம்பேத்கரை எத்தனை ஆண்டுகள் தூங்கவிடாமல் செய்தது என்பதை நாத்திகர்கள் உணர்ந்து படிக்க வேண்டும்.

முடிக்கும் முன், அந்த மாணவி.

அந்த வெள்ளிக்கிழமை அவள் ஊருக்குப் போகவில்லை. ஹாஸ்டல் தோழிகள் இருவர் வாடகைக்கு எடுத்திருந்த ஓர் அறையில், பாட்டி வைக்கும் கருவாட்டுக் குழம்பை அவளே வைத்திருக்கிறாள். ஒன்பது பேர் சாப்பிட்டிருக்கிறார்கள். ஒருத்தி, உன் பாட்டி எப்படிச் சிரிப்பாங்க என்று கேட்க, அவள் சிரித்துக் காட்டப்போய் அழுதிருக்கிறாள். இரவு பதினொரு மணி வரை யாரும் எழவில்லையாம். இதெல்லாம் எனக்குப் பல ஆண்டு கழித்துத்தான் தெரிந்தது. நான் கொடுத்த இரண்டு புத்தகங்களையும் திருப்பித் தர வந்தபோது சொன்னாள். ஒவ்வோர் ஆண்டும் அதே நாளில் கூடுகிறார்களாம். ஒருத்தியின் அப்பா இறந்தபோது மற்ற எட்டுப் பேரும் பதினாறு நாளைக்கு முறை வைத்துப் போய்த் தங்கியிருக்கிறார்கள். யார் எந்த நாள் என்று எழுதிய தாளை அவள் இன்னும் பர்ஸில் வைத்திருக்கிறாள். எனக்குப் பிரித்துக் காட்டினாள்.

அடுத்த முறை கூடும்போது என்னையும் கூப்பிடு என்று கேட்டிருக்கிறேன்.